கயிறு பிடிக்க வந்தவர்

கயிற்றைக் கட்டியது அருளம்பலம்தான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கரையிலிருந்த இரும்புக் கட்டையில் மூன்று சுற்று, அதன்மேல் ஒரு முடிச்சு, அந்த முடிச்சிலும் நம்பிக்கை வராமல் இன்னொரு முடிச்சு என்று, அறுத்துக்கொண்டு ஓடுகிற மாட்டைக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு படகுக்குள் வந்து நின்றார். படகு நின்ற இடம் ஒரு பெரிய சீமெந்துத் தொட்டி. ஆற்றின் மட்டம் இறங்குகிற இடங்களில் இப்படி ஒரு தொட்டி கட்டி, படகை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் கதவைச் சாத்தி, தண்ணீரை வடியவிட்டுப் படகைக் கீழே இறக்குவார்கள். லொக் என்று பெயர். தண்ணீர் இறங்கினால் படகு இறங்கும். படகு இறங்கினால் கயிறு நீளவேண்டும். கயிறு நீளாவிட்டால் படகு தொங்கும். இலங்கையில் பதினொரு வருடம் நீர்ப்பாசனப் பகுதியில் எஞ்சினியராக இருந்த மனிதருக்கு இது தெரியாத விஷயமல்ல. ஒரு நிமிடம் பிந்தித் தெரிந்தது, அவ்வளவுதான்.

படகின் முன்பக்கம் அந்தரத்தில் நின்றது. பின்பக்கம் தண்ணீரோடு மரியாதையாக இறங்கியது. உள்ளே தட்டுகளும் கோப்பைகளும் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் குடிபெயரும் சத்தம் கேட்டது. பின்பக்கப் பலகையில் சேலைக்குமேல் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் கட்லற் பெட்டியுடன் உட்கார்ந்திருந்த யோகமலர், மேலே புருசனை அண்ணாந்து பார்த்தாள்.

“இஞ்சரப்பா, உது இப்பிடித்தான் இறங்கிறதோ?”

அருளம்பலம் முடிச்சை நோக்கிப் பாய்ந்தார். படகின் முழுப் பாரமும் தொங்குகிற முடிச்சை எந்தக் கையாலும் அவிழ்க்க முடியாது. அப்போதுதான் புல்தரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேரிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தோளில் பட்டி வைத்த காற்சட்டை, தலையில் பழைய தொப்பி. வலது கையில் இரண்டு விரல் இல்லை. மிச்சமிருந்த மூன்று விரலால் இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, இரண்டே இழுப்பில் கயிற்றை அறுத்துவிட்டார். படகு ‘தொம்’ என்று விழுந்து, சுவரில் ஒருமுறை உரசி, ஆடி, நேரானது. யோகமலர் கட்லற் பெட்டியை விடவில்லை.

லொக்கைப் பார்க்கும் உத்தியோகத்தர் மடையை நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். கத்திக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அறுந்த கயிற்றை அழகாகச் சுருட்டிப் படகின் கூரைமேல் போட்டார். பிறகு வானத்தைப் பார்த்து, படகோட்ட நல்ல நாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அருளம்பலத்துக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். படகு தொங்கியதற்காக அல்ல. ஒருவன் ஓடிவந்து உதவி செய்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறானே, அதற்காக.

*

படகு அவருடையதல்ல. ரொறன்ரோவில் யூனியன் ஸ்ரேசனுக்குப் பக்கத்துக் கட்டடமொன்றில், ஏழாம் மாடியில், பாலங்களும் மதகுகளும் வரைகிற கொம்பனியில் அருளம்பலம் வேலை செய்தார். அவருடைய பகுதிக்குத் தலைவர் ஆதர் கிறீவ்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். ஒடுங்கிய கால்வாய்கள் நிறைந்த ஊரொன்றில் பிறந்தவராம். அந்த ஊர்ப் படகு மாதிரியே ஒன்றை, நாற்பதடி நீளம் ஏழடி அகலத்தில், பழைய கொட்டிலொன்றுக்குள் ஆறு வருடமாக இரும்புத் தகட்டில் ஒட்டி ஒட்டிச் செய்து, மனைவியின் பெயரை வைத்து ‘டொறிஸ்’ என்று எழுதியிருந்தார். இந்த நாட்டில் எல்லோரும் அகலமான வெள்ளைப் படகில் சூரியக் குளிப்புக் குளித்துக்கொண்டு போக, இது மட்டும் தண்டவாளம் தவறிய ரயில்பெட்டி மாதிரிப் போகும். கிறீவ்ஸின் மேசைக்குப் பின்சுவரில் மற்றத் தலைவர்கள் எல்லாம் கண்ணாடி போட்ட சான்றிதழ் மாட்டியிருக்கிற இடத்தில், அவர் இந்தப் படகின் படத்தைத்தான் மாட்டியிருந்தார். எவ்வளவு எளிமையான மனிதர் என்று அருளம்பலம் வீட்டில் வந்து சொன்னார்.

அந்தக் கிறீவ்ஸின் மேசை லாச்சிக்குள் அருளம்பலத்தின் விண்ணப்பத் தாள் ஒன்று மார்ச் மாதத்திலிருந்து கிடந்தது. இலங்கையில் எஞ்சினியர், இங்கே வரைபடக்காரர். திரும்ப எஞ்சினியர் ஆவதற்கு இரண்டு சோதனை எழுதி, இரண்டிலும் தேறி, மிச்சமாக இருந்தது ஒரு தாள். ‘இவர் என் கீழ் வேலை செய்தார், வேலை தெரிந்தவர்’ என்று மேலே உள்ள ஒரு எஞ்சினியர் கையெழுத்து வைக்கவேண்டும். செப்ரெம்பர் பதினைந்துக்குள் போகாவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்கவேண்டும். அருளம்பலத்துக்கு நாற்பத்தொரு வயது. முன்வரிசை மயிர் மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்காது என்று அவருக்கே தெரியும்.

கேட்காமல் இல்லை. மோர்னிங்சைட்டிலிருந்து பஸ் எடுத்து, வார்டனில் சப்வே ஏறி, வேலைக்குப் போய்ச் சேருகிற ஒரு மணித்தியாலமும் எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டு போவார். கிறீவ்ஸ் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. பனி கரையட்டும் என்றார். பனி கரைந்தது. அந்தப் பாலத்து வேலை முடியட்டும் என்றார். பாலத்தில் இப்போது கார் ஓடுகிறது. பிறகு, ஓ, அதுவா, ஆறுதலாக இருந்து பார்க்கவேண்டும் என்றார். கேட்கக் கேட்க அவருடைய முகம்தான் சிவந்துகொண்டு போனது.

ஓகஸ்டில் கிறீவ்ஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். லேக்ஃபீல்ட் என்ற சிற்றூரில் கட்டியிருந்த படகை மாத முடிவுக்குள் அங்கிருந்து எடுத்து, ஆற்றோடு கீழே, பீற்றர்பரோவுக்கு இந்தப் பக்கம் ஒரு படகுத்துறையில் விடவேண்டும். ஒன்பது மைல், நடுவில் ஐந்து லொக். யார் போவது என்று ஒபிஸில் கேள்வி வந்தபோது, படம் வரைகிறவர்கள் எல்லோரும் வரைபடத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். அருளம்பலம் மட்டும் கை தூக்கினார். தான் பிறந்ததே தண்ணீரில் என்ற மாதிரி ஏதோ சொன்னதாகவும் ஞாபகம். உண்மையில் அவர் ஏறிய ஒரே படகு நயினாதீவுக்குப் போகிற லோஞ்சு. அதிலும் வயிறு பிரட்டிச் சத்தி எடுத்தார்.

*

இரண்டாவது லொக்கின் கதவடிக்குப் படகு போய்ச் சேர்ந்தபோது, கரையில் ஒரு பச்சை பிக்கப் வண்டி நின்றது. அதில் சாய்ந்துகொண்டு கத்திக்காரர் நின்றார்.

ஆற்றோடு ஒட்டியே றோட்டும் போகிறது. படகு நடை வேகம். யாரும் முந்திப் போய் நிற்கலாம். ஆனால் ஏன் நிற்கவேண்டும்? அருளம்பலம் கரையையும் மனிதர்களையும் அளந்து வைத்திருப்பவர். வன்னியில் ஒரு குளத்தடியில் வேலை செய்த காலத்தில், தண்ணீர் திறக்கிற துருசின் இரும்புச் சில்லைச் சுற்றக் கந்தப்பு என்று ஒரு கமக்காரன் வருவான். கூப்பிடாமலே வருவான். ஐயா ஏன் கஷ்டப்படுவான், விடுங்கோ என்று தானே சுற்றுவான். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கதலி வாழைக்குலையோடு வந்தான். நாலாம் நாள், தன் வயலுக்கு முறை இல்லாத நேரத்தில் அரை மணித்தியாலத் தண்ணீர் கேட்டான். குலையில் பாதி அப்போது அருளம்பலத்தின் வயிற்றுக்குள் இருந்தது. மறுக்க வாய் வரவில்லை. பக்கத்து வயல்காரன் பெட்டிசன் எழுத, அருளம்பலம் நுளம்புக்குப் பேர்போன இன்னொரு குளத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்த உண்மை இது: தண்ணீர்க் கதவடியில் தானாக வந்து கைகொடுக்கிறவன் எவனும் சும்மா வருவதில்லை. குலை பின்னால் வருகிறது.

ஆகவே கயிற்றை எறியச் சொல்லி அந்த மூன்று விரல் கை நீண்டபோது, அருளம்பலம் காணாததுபோல் மரத்திலிருந்த ஒரு பறவையைப் பார்த்தார். தானே கரைக்குத் தாவப்போய் ஒரு சப்பாத்தை ஆற்றுக்குக் கொடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து யோகமலர் தன் கயிற்றை எறிய, அவர் லாவகமாகப் பிடித்துக் கட்டையில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றையும் இளக்கி இளக்கி விட்டார். படகு ஆடாமல் இறங்கியது.

கீழ்க்கதவு திறந்து வெளியே போகும்போது அருளம்பலம் திரும்பிப் பார்த்தார். மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“கண்டீரே? எழுதிறான்.”

“எழுதட்டுமன். எழுதத் தெரிஞ்ச மனிசன்தானே.”

“அவன் என்ன எழுதிறான் எண்டு உமக்கு விளங்கேல்லை. முதல் லொக்கிலை கயிறு போச்சு, இரண்டாவதிலை இத்தனை மணி. ஒண்டொண்டாய்க் கணக்கெடுக்கிறான்.”

“இரண்டாவதிலை சப்பாத்து” என்று யோகமலர் திருத்தினாள்.

*

மூன்றாவது லொக்கிலும் பச்சை வண்டி. இந்த முறை அவர் குனிந்து, படகின் பக்கத் தகட்டில் முதல் லொக்கின் சுவர் உரசிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். தடவிவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். அருளம்பலத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு சில்லுச் சுற்றியது. யோகமலர் பெட்டியைத் திறந்து நாலு கட்லற்றை ஒரு கடுதாசியில் வைத்து நீட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கினார். ஒன்றைக் கடித்தவர், கண் கலங்கி, மூக்கைச் சீந்தி, அடுத்ததையும் எடுத்தார். பேர் வொல்ற்றராம். யோகமலர் கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பதில். அருளம்பலமும் தன் பங்குக்கு, நீங்கள் இந்தப் பக்கம்தான் வேலையோ என்று மெல்லப் போட்டுப் பார்த்தார். வொல்ற்றர், இந்த வருடம் தண்ணீர் குறைவு என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, கீழே என்றார். ஆறு முழுக்கக் கீழேதான் போகிறது.

பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு, லொக் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ரெலிபோன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. கொப்பியைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பி, படகை நோக்கி விரல் குறைந்த கையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

அருளம்பலத்துக்கு எல்லாம் வெளித்தது. ஆளை வைத்துப் பார்க்கிறார் கிறீவ்ஸ். இது படகு கொண்டுபோகிற வேலையல்ல, மூன்றாவது சோதனை. வரைபடத்தில் கோடு நேராகப் போடுகிறவன், ஆற்றில் எப்படிப் போகிறான் என்று பார்க்கிறார். கயிறு, சப்பாத்து, உரசல் எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இனிக் கையெழுத்துக்கு எங்கே போவது?

அடுத்த வளைவில் அவர் சுக்கானைப் பிடித்திருந்த யோகமலரிடம் வந்தார். இரண்டாவது லொக்குக்குப் பிறகு சுக்கான் எப்படியோ அவள் கைக்குப் போயிருந்தது. படகும் அதற்குப் பிறகுதான் நேராகப் போகத் தொடங்கியிருந்தது. பாங்கில் காசோலை பிரிக்கிற வேலை அவளுக்கு. எது எந்தப் பெட்டிக்குள் போகவேண்டுமென்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள்.

“நீர் ஏன் அவனுக்குக் கட்லற் குடுத்தனீர்? இப்ப நாங்கள் குலை குடுத்த மாதிரிப் போச்சு.”

“பசியோடை நிண்டார், குடுத்தன். உதிலை என்ன குலை?”

“ஒருத்தன் மினக்கெட்டு எங்களுக்குப் பின்னாலை வாறான். சும்மா வருவானே? உலகத்திலை ஆர் சும்மா வாறவன்?”

யோகமலர் சுக்கானை ஒரு சாண் தள்ளி, எதிரே வந்த கல்லைத் தவிர்த்தாள்.

“ஏன், நீங்கள் மட்டும் சும்மாவே வந்தனீங்கள்?”

அருளம்பலம் முன்பக்கம் போய், கூரைமேல் கிடந்த அறுந்த கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆற்றின் இரு கரையிலும் வில்லோ மரங்கள் தண்ணீரில் தலை கழுவிக்கொண்டிருந்தன. நாற்பதடி இரும்பை வெயிலில் காய்ந்துகொண்டு ஒன்பது மைல் தள்ளிக் கொண்டுபோகிறவன் ஒருவன். கூப்பிடாமலே கை தூக்கியவன். ஐயா ஏன் கஷ்டப்படுவான், விடுங்கோ என்றவன். அவருக்கு ஏனோ கந்தப்புவின் முகம் நினைவுக்கு வந்தது. குலையைத் தோளிலிருந்து இறக்கும்போது அவனும் இப்படித்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

*

நாலாவது லொக்குக்கு முன்னால் அருளம்பலம் ஒரு தந்திரம் செய்தார். வில்லோ மரமொன்றின் கீழே, றோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், படகை ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினார். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பான், இருந்து பார்த்துவிட்டுப் போகட்டும். இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டார்கள். யோகமலர் காலை நீட்டிக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அருளம்பலம் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். ஒரு மணித்தியாலம். ஒன்றேகால். வெற்றி என்று நினைத்தபோது கரையோரப் பற்றைக்குள் ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

வொல்ற்றர் நடந்து வந்துகொண்டிருந்தார். வண்டியை எங்கோ விட்டுவிட்டு, ஆற்றின் ஓரத்தாலேயே வந்திருக்கிறார். காற்சட்டை முழங்கால் வரை நனைந்து, சேறு அப்பியிருந்தது. தொப்பியைக் காணவில்லை. ஒவ்வொரு இருபதடிக்கும் நின்று, தண்ணீரைப் பார்த்து, கரையைப் பார்த்து, திரும்பத் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீரில் மிதக்கிற ஒன்றைத் தேடுகிறவன் அப்படித்தான் பார்ப்பான். குளத்தடியில் வேலை செய்தவருக்கு அந்தப் பார்வை தெரியும், இரண்டுமுறை கண்டிருக்கிறார்.

மரத்தடியில் படகைக் கண்டதும் வொல்ற்றர் அப்படியே புல்லில் இருந்துவிட்டார். ஓட்டப் பந்தயம் முடிந்தவர்போல் அவருடைய தோள் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, எஞ்சின் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன் என்றார்.

சாப்பிட ஒதுக்கினோம் என்றார் அருளம்பலம்.

நல்ல இடம், நல்ல நிழல் என்றார் வொல்ற்றர். எழும்பி வந்த வழியே திரும்பி நடந்தார். நாலாவது லொக்கில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முதலில் ரெலிபோன் பெட்டிக்குள் ஓடினார். வெளியே வந்துதான் கயிற்றைப் பிடித்தார்.

“அந்த மனிசன் எங்கடை பிரேதத்தைத் தேடிக்கொண்டு வந்தவர்” என்றாள் யோகமலர், படகு வெளியே வந்த பிறகு. “கணக்கெடுக்கிறவன் அப்பிடித் தேடமாட்டான். நேரை கேளுங்கோவன், ஆரெண்டு. வாய் இல்லையே உங்களுக்கு?”

வாய் இருந்தது. மார்ச்சிலிருந்து அதைத்தான் அவர் மெல்லத் திறந்து மெல்ல மூடிக்கொண்டிருந்தார்.

*

ஐந்தாவது லொக்தான் கடைசி. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. லொக் உத்தியோகத்தர் நீண்ட இரும்புத் தண்டொன்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு, செக்கைச் சுற்றுவதுபோல் சுற்றிச் சுற்றி நடக்க, மேற்கதவு சாத்திக்கொண்டது. வொல்ற்றர் வழக்கமான இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அருளம்பலம் முன்கயிற்றை எடுத்தார். அறுந்து குட்டையாகிப்போன கயிற்றோடு புதிதாக ஒன்றை முடிந்திருந்தார். முடிச்சு, சொல்லத் தேவையில்லை, இரண்டு. எறிந்தார். அன்றைக்கு முதல்முறையாக. வொல்ற்றர் பிடித்துக் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டார். கீழ் மடை திறந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் குறைய, சீமெந்துச் சுவரின் ஈரம் மெல்ல மேலே வளரத் தொடங்கியது.

“மிஸ்டர் வொல்ற்றர்” என்று கூப்பிட்டார் அருளம்பலம். தொண்டையைச் செருமினார். ஏழாம் மாடியில் ஐந்து மாதமாகப் பழகிய ஆங்கிலம் எல்லாம் அந்தச் செருமலோடு போய்விட்டது. “உங்களை யார் அனுப்பியது?”

வொல்ற்றர் வானத்தைப் பார்த்தார். நல்ல நாள் என்று சொல்லப் போகிறார் என்றே அருளம்பலம் நினைத்தார். ஆனால் அந்த மனிதர் பார்வையை இறக்கி, பின்பக்கம் நின்ற யோகமலரைப் பார்த்தார். அவள் சுக்கானில் கையை வைத்தபடி, அசையாமல், பதிலுக்காக நின்றாள்.

ஆதர்தான் என்றார். தான் ஆதரின் மனைவி டொறிஸின் அண்ணன். சொல்லக்கூடாது என்று ஆதர் கேட்டிருந்தான், அதுதான் சொல்லவில்லை.

“படகைப் பார்க்கவா?”

“படகையா?” வொல்ற்றர் ஒரு பிடி கயிறு இளக்கினார். “அவன் அதைப்பற்றி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இரண்டு பேரும் இருக்கிறார்களா, அவள் மிதவைச் சட்டையைப் போட்டிருக்கிறாளா, இவ்வளவும்தான் கேட்கிறான். அந்த அம்மாவுக்கு நீந்தத் தெரியாதென்று யாரோ ஒபிஸில் சொன்னார்களாம். இரவெல்லாம் நித்திரை இல்லை. ஒவ்வொரு லொக்கிலும் போன் எடுக்கவேண்டுமென்று சத்தியம் வாங்கினான். நாலாவதுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியதும் அவன் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தானாம். நேர்ஸ்மார் பிடித்துக் கிடத்தியிருக்கிறார்கள்.”

படகு மூன்றடி இறங்கியிருந்தது. வொல்ற்றரின் சேறு காய்ந்த சப்பாத்து இப்போது அருளம்பலத்தின் கண்ணுக்கு நேரே இருந்தது. மேலே அண்ணாந்துதான் பேசவேண்டியிருந்தது. இனிக் கேட்காவிட்டால் ஒருநாளும் கேட்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. ஒருவேளை, முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப்போய்க்கொண்டிருந்ததால்தான் கேட்க முடிந்ததோ என்னவோ.

“என்னுடைய தாள் ஒன்று அவருடைய லாச்சிக்குள் இருக்கிறது. அதைப்பற்றி ஏதாவது சொன்னாரா? கையெழுத்து வைப்பாரா?”

கயிறு ஒரு கணம் இளகாமல் நின்றது. படகின் முன்பக்கம் சற்றே தூக்கியது. உடனே வொல்ற்றர் கையைத் தளர்த்தினார்.

“வைக்கமாட்டான்” என்றார். “வைக்க ஏலாது. அவன் எஞ்சினியர் இல்லை.”

தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது.

“என்னைப்போலத்தான். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். மரப்பட்டறையில் தொடங்கி, பென்சில் சீவிக் கொடுத்து, பார்த்துப் பார்த்துப் பழகினான். எல்லாம் தெரியும் அவனுக்கு. எஞ்சினியர் என்ற அந்தக் கடுதாசி மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. ஒபிஸில் எல்லோரும் இருக்கிறதென்று நினைத்தார்கள். அவன் இல்லையென்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம். நீங்கள் அந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து, உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திரிகிறான். சொன்னால் நீங்கள் அவனை ‘சேர்’ என்று கூப்பிடமாட்டீர்களாம்.”

அருளம்பலத்தின் கண் முன்னால் கிறீவ்ஸின் மேசைக்குப் பின்சுவர் வந்தது. கண்ணாடிக்குள் ஒரு படகு. எளிமையான மனிதர்.

“அப்படியென்றால் இந்தப் படகை ஏன் என்னிடம் தந்தார்?”

வொல்ற்றர் இப்போது நன்றாக உயரத்தில் நின்றார். வெயில் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. பட்டியும் தோளும் அந்த மூன்று விரல் கையும்தான் தெரிந்தன.

“நான்தான் கொண்டுபோகிறேன் என்றேன். வேண்டாம், அருள் கை தூக்கினான், அருளே போகட்டும் என்றான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை என்றான்.”

கேட்டதற்கெல்லாம் நேரான பதில் வந்துவிட்டால், அடுத்து என்ன செய்வதென்று அருளம்பலத்துக்குப் பழக்கமில்லை.

“என்னவாம்?” என்றாள் யோகமலர் பின்னாலிருந்து. மடைச் சத்தத்தில் அவளுக்குப் பாதிதான் கேட்டிருந்தது.

அவர் திரும்பினார்.

“கட்லற் மிச்சம் கிடக்கோ?”

“ஆறு கிடக்கு. ஏன்?”

“வைச்சிரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்.”

தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்து, ஒரு தரம் சுழித்து, அடங்கியது. சுவரில் பாசி வழிந்தது. மேலே உத்தியோகத்தர் தண்டைத் தள்ளத் தொடங்க, கீழ்க்கதவின் இரண்டு பலகைக்கும் நடுவில் முதலில் நூலளவு வெளிச்சம் விழுந்தது; பிறகு கையளவு; பிறகு அதற்குள்ளால் ஆறு தெரிந்தது. யோகமலர் எஞ்சினை முடுக்கினாள். இனிக் கயிற்றை விடலாம். வொல்ற்றர் மேலே ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஆள் விடச் சொல்லட்டும் என்று நின்றார். அருளம்பலம் கீழே மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார். இரண்டுக்கும் நடுவில், அவர் போட்ட அந்த இரட்டை முடிச்சு, ஈரம் சொட்டச் சொட்ட, இறுக்கமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.